சாயம் தெளியுது, சாம்பல் எங்கே போகுது?

இரைப்பு என்று வருகிற பனியன் தொழிலாளியிடம், "பஞ்சுத் தூசியிலே வேலையா?" என்று கேட்பேன். அனல் மின் நிலையத்துப் பக்கமிருந்து வருகிறவரிடம் கேட்பது, "வாசலிலே சாம்பல் படியுதா?"

இரண்டுக்கும் தொடர்பு உண்டு, வாசகர்களே! நொய்யல் சாயத்தால் கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தன. சாயத் தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இதற்கு இரவு பகலாகக் கரண்ட் வேணுமே!

இந்தியாவில் 100 யூனிட்டில் சுமார் 70 யூனிட் நிலக்கரியை எரித்து வருவது. நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிந்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல். அதில் பாதரசம், ஆர்செனிக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர் பிழைப்பு கெட்டதைப் படித்திருப்பீர்கள்.

ஆடாதோடைக் குடிநீர் சளியை இளக்கும், மூச்சுக்கு இதம். ஆனால் நுரையீரலின் அடிவரை இறங்கிய நுண்தூசியை எந்தக் கஷாயமும் கழுவாது. கழுவும் என்கிற வைத்தியரை நம்பாதீங்க. தூசி வராமல் தடுப்பதே வைத்தியம்.

பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நம்ம மில்காரர்களுடையவையும் உண்டு. ஆடிக் காற்றில் சரி, தை மாசியில்? உங்கள் கம்பெனிக் கூரை வெயிலில் சும்மா கிடந்தால், சோலார் போடலாமே என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.