ஹெரால்டு காரின் அடிச்சட்டம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே சற்று நேரம் நிற்போர், புத்தம்புதிய கார்களை இரண்டடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளைக் காணாமல் திரும்ப இயலாது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. அதன்பின் பாரத்பென்ஸ் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அதே ஊரில் உருவாகலாயின. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது என்று சொன்னால் நம் பிள்ளைகள் வியப்போடு பார்க்கின்றனர்.

ஆனால், இதே வட்டாரத்தில் இவற்றுக்கெல்லாம் பல்லாண்டுகள் முன்னரே கார்கள் செய்யப்பட்டன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில், 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1961 முதல் அங்கு உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அடுத்தபடியாக நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய மூன்றாவது கார். எம் தந்தையார் 1970-இல் வாங்கிய நான்கு கதவு ஹெரால்டு அந்த ஆலையில் பிறந்ததே. படப்பையில் எங்கள் வீட்டுப் புறக்கடையில் அதற்கு உயிரூட்டிய கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்தக் கார் முடிச்சூரில் எங்கள் தமக்கையார் வீட்டு முற்றத்தில் நின்றது. அடையாற்று நீர் ஊருக்குள் புகுந்து இருக்கைமட்டம் வரை ஏறி, மூன்றாம் நாள்தான் வடிந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து தார்ப்பாய் போர்த்தி நிறுத்தினோம். பழைய இரும்புக்காரர் இருமுறை வந்து விலை பேசிச் சென்றார். அப்பா இருமுறையும் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆலைகள் மூடப்பட்டபோது, தமக்கையாரின் மகன் எங்களோடு தங்க நேர்ந்தது. இப்பகுதி ஆலை ஒன்றில் கார்க்கூடுகளைப் பற்றவைக்கும் பிரிவில் அவனுக்கு வேலை. இரண்டு நாள் சும்மா இருந்தான். மூன்றாம் நாள் தார்ப்பாயை விலக்கிவிட்டான்.

அவன் முதலில் கேட்டது ஒரு காந்தம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் பிள்ளைகள் ஒட்டி வைத்திருந்ததைக் கொடுத்தோம். வண்ணத்தில் கீறல் விழாதபடி மெல்லிய துணியில் அதைச் சுற்றி, காரின் உடலெங்கும் வைத்துப் பார்த்தான். நல்ல தகடு உள்ள இடத்தில் காந்தம் பிடித்துக்கொள்ளும். துருப்பிடித்துப்போன ஓட்டையை மூடி, பட்டறைகளில் ‘பட்டி’ என்று சொல்லப்படும் பசையைப் பூசி வண்ணமடித்த இடத்தில் பிடிப்பின்றி நழுவிவிடும். கதவுகளின் கீழ்விளிம்பில் நழுவியது. பின்சக்கரத்தின் மேல்வளைவில் நழுவியது. பிறகு காரை ஜாக்கியால் உயர்த்தி, மரக்கட்டைகள்மேல் நிலையாக நிறுத்திவிட்டு அடியில் நுழைந்தவன், வலப்புறப் பின்பகுதியில் திருப்புளியால் ஒரு தட்டுத் தட்டினான். கருப்பு மைபூசிய கட்டி ஒன்று உடைந்து விழுந்தது. அதற்குள்ளே இரும்பே இல்லை.

“தாத்தா, இதுக்கு யாரு பட்டி போட்டாங்க?” என்று கேட்டான்.

அப்பா நாற்காலியில் அமர்ந்தபடி வெகுநேரம் பேசவில்லை. “உங்கம்மா கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்துச்சுப்பா. ஒரு பட்டறையில விட்டேன். அடியில ஒடிஞ்சிருக்குன்னு அவங்க சொன்னாங்க. மேலாக்க மூடிக் கொடுங்கன்னு நான்தான் சொன்னேன்” என்றார்.

அது 1997. அன்று மணமகளைக் கோவிலுக்கு ஏற்றிச் சென்ற கார் அதுதான். அதற்குப் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் அதே வண்டியில் நாங்கள் அறுவர் நெருக்கியடித்து அமர்ந்து, ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தோம். மைபூசிய அந்தக் கட்டியின்மேல்தான் பின்னிருக்கையின் ஒரு பாதி நின்றிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். அப்பாவைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பட்டறைக்காரரையும் குறைசொல்வதற்கில்லை. அவர் சொல்லத்தான் செய்திருக்கிறார்.

இவ்விடத்தில் ஹெரால்டின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். இன்றைய கார்களுக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. தரை, பக்கத்தகடு, கூரை அனைத்தும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடே பாரம் தாங்குகிறது. ஹெரால்டு அப்படிப்பட்டதன்று. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் நிறுவனத்துக்குக் கார்க்கூடுகள் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே இடத்தில் செய்துதர ஆளில்லாத நிலையில், பழைய முறைக்குத் திரும்பினர். கனமான அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, வெவ்வேறிடங்களில் உருவான உடற்பகுதிகளை அதன்மேல் போல்ட்டு போட்டு முடுக்கினர். இத்தாலியின் தூரின் நகரத்து வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி அதற்கு அழகிய உருவம் தந்தார். டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் அவ்வாறு வெளிவந்தது. இல்லாமையால் பிறந்த இந்த ஏற்பாடு, வீட்டில் வைத்துப் பழுதுபார்ப்போருக்குப் பெரும் நன்மையாயிற்று. முன்மூடி முழுவதும் சக்கர மறைப்புகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். உடற்பகுதிகளைத் தனித்தனியே கழற்றி எடுக்கலாம்.

அடிச்சட்டம் ஒரு மீனின் முள்ளைப் போன்றது. நடுவே இரண்டு நீண்ட பெட்டிச் சட்டங்கள் முதுகெலும்பாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து இருபுறமும் கைகள் நீள்கின்றன. அக்கைகளின் நுனிகளைப் பக்கச் சட்டங்கள் இணைக்கின்றன. உடற்பகுதிகள் இக்கைகளின்மேல் அமர்கின்றன. கதவுக்குக் கீழே வெளியே தெரியும் நீண்ட தகடு, பாரம் தாங்காத வெறும் மூடியே. எனவே அந்தத் தகடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கார் நலமென்று பொருளன்று. கை ஒடிந்திருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. எங்கள் காரில் பின்புறக் கைகளும், ஒரு பக்கச் சட்டத்தின் பாதியும், தரைத்தகட்டின் ஓரங்களும் போயிருந்தன. முதுகெலும்பு மட்டும் கெட்டியாக இருந்தது. அதுவும் போயிருந்தால் பழைய இரும்புக்காரரையே அழைத்திருப்போம்.

என்ன செய்வது என்பதில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இரண்டு நாள் வழக்கு நடந்தது. அப்பாவின் எண்ணம், கனமான ஆங்கிள் இரும்பை முன்னிருந்து பின்வரை வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும் என்பது. “இனிமே நூறு வருசத்துக்கு அசையக் கூடாது” என்றார். பேரன் ஒப்பவில்லை. “அசையணும் தாத்தா. எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் அசைஞ்சாத்தான் எந்த இடமும் ஒடியாது” என்றான். சாலைக் குழியில் சக்கரம் இறங்கும்போது அடிச்சட்டம் முழுவதும் சிறிது முறுக்கிக்கொள்கிறது. ஓரிடத்தில் மட்டும் கனத்த இரும்பை வைத்தால் அவ்விடம் முறுகாது. முறுக்கு முழுவதும் அந்த இரும்பு முடியும் இடத்தில் போய்க் குவியும். சில ஆண்டுகளில் பற்றுக்குப் பக்கத்திலேயே மெல்லிய தகட்டில் விரிசல் காணும். அதோடு, கூடுதல் எடையை ஏற்கும் அளவுக்கு அந்தச் சிறிய காரின் வில்லும் பிரேக்கும் செய்யப்படவில்லை. இழந்த வலிமையைத் திருப்பித் தருவதே பலப்படுத்துதல் என்று அவன் வாதாடினான். பழைய தகட்டின் கெடாத பகுதியை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதே கனத்தில், அதே பெட்டி வடிவில் புதிய கைகளை மடித்துச் செய்வதென முடிவாயிற்று.

சட்டமும் அதையே வேண்டுகிறது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றும் திருத்தங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஐம்பது ஆண்டுகள் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021-இல் விதிகள் வந்தன. அடிச்சட்டமோ கூடோ எஞ்சினோ மாற்றியமைக்கப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஆயினும் அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட இயலாது. நாங்கள் கோவிலுக்கும் கடைக்கும் போக விரும்பியதால், ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்கும் சாதாரணப் பதிவோடு நின்றுவிட்டோம்.

ஊரடங்கு தளர்ந்தபின் வேலை தொடங்கியது. பெட்ரோல் தொட்டி டிக்கிக்குள்ளேயே ஒருபுறம் இருப்பதால் அதை முதலில் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்தோம். பேட்டரியையும் எடுத்தோம். இதைச் செய்யாமல் பற்றவைக்கும் எந்திரத்தைத் தொடவே கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் மணலும் எப்போதும் அருகில் இருந்தன. பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்த்தோம். சிறுபிள்ளைகளை அப்பக்கம் விடவில்லை.

மெல்லிய தகட்டில் சாதாரணக் குச்சி வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். ஆகவே பட்டறைக்காரர்கள் சி.ஓ.டூ. வெல்டிங் என்று சொல்லும் சிறிய எந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம். கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பொருத்திய பிறகே வெட்டத் தொடங்கினோம். அவ்வாறு செய்யாவிட்டால் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் கூடு தொய்ந்துவிடும். ஒருபுறத்தை முடித்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவுகளும் ஒத்திருக்கக் கண்ட பிறகே மறுபுறத்தில் கை வைத்தோம்.

இரண்டிடங்களில் தவறினோம். முதலாவது, தரைத்தகட்டை ஒரே மூச்சில் நெடுக பற்றவைத்தது. சூட்டில் விரிந்த தகடு, ஆறும்போது வெயிலில் வாடிய வாழையிலை போல நெளிந்துவிட்டது. வெட்டியெடுத்து, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக, ஒவ்வொன்றும் ஆறியபின் அடுத்தது என்று மறுபடி வைத்தோம். ஒரு நாள் வேலை ஒரு வாரமாயிற்று. இரண்டாவது தவறு முழுக்க எங்களுடையது. மருமகன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவசரப்பட்டு உடலின் போல்ட்டுகளைத் தளர்த்தினோம். உடலுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஆங்காங்கே வெவ்வேறு கனத்தில் சிறு பட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. கதவுகள் சீராகப் பொருந்துவதற்காக ஆலையில் வைத்தவை அவை. எது எங்கிருந்தது என்று குறிக்காமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம். பிறகு நான்கு கதவுகளையும் சரியாக மூடவைக்கப் பத்து நாட்கள் பிடித்தன. மாலையில் வந்து டப்பாவைப் பார்த்த மருமகன், “என்ன மாமா இது!” என்றதோடு நிறுத்திக்கொண்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

துரு எங்கு தோன்றுகிறது என்பதையும் கண்கூடாகக் கண்டோம். தகட்டின்மேல் தகடு படிந்த மடிப்புகளிலேதான் அது மிகுதி. இடுக்கில் புகுந்த ஈரம் வெளியேறுவதில்லை. இரும்பு துருவாகும்போது முன்னினும் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு தகடுகளையும் ஆப்பு அடித்தாற்போல் பிளந்துவிடுகிறது. பெட்டிச் சட்டங்களை அறுத்தபோது உள்ளே வண்ணத்தின் தடமே இல்லை. இன்றைய ஆலைகளில் கார்க்கூடு முழுவதையும் பூச்சுத் தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரத்தின் உதவியால் ஒவ்வோர் இடுக்கிலும் பூச்சு படியுமாறு செய்கின்றனர். எங்களுக்கு அந்த வசதி ஏது? துருநீக்கும் அமிலம் தடவிக் கழுவி, துத்தநாகப் பூச்சிட்டு, வேலை முடிந்தபின் பெட்டிகளுக்குள் மெழுகுக் குழம்பைக் குழாய் வழியாகப் பீய்ச்சினோம். நீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட்டோம். ஒரு கதவு மட்டும் திருத்த முடியாமற்போக, புதுப்பேட்டையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேடி வேறொன்று வாங்கினோம். வண்ணமடிக்கும் வேலையை வெளியே கொடுத்துவிட்டோம். இக்காலத்து இருகலவை வண்ணத்தின் ஆவி நுரையீரலுக்குக் கேடு. காற்றுக்குழாய் முகமூடியின்றி அதை வீட்டில் அடிப்பது தகாது.

ஒரகடத்தில் உள்ள அரசு வாகன ஆய்வு மையத்தில் புதிய கார்களை மோதவிட்டுச் சோதிக்கின்றனர். அத்தகைய சோதனைகளில் தேறும் பாதுகாப்பு எங்கள் ஹெரால்டுக்கு ஒருநாளும் வாராது. மோதலில் கசங்கி ஆளைக் காக்கும் பகுதிகள் அதில் இல்லை. முன்னிருக்கைகளுக்கு இடுப்பு வார் பொருத்தினோம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. நெடும்பயணமும் இல்லை.

2022 ஜனவரியில் வண்டி வெளியே வந்தது. தமக்கையார் பின்னிருக்கையில் வலப்புறம் அமர்ந்தார். அவ்விடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். படப்பையிலிருந்து ஒரகடம் வரை போய்த் திரும்பினோம். வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பு கேட்ட அந்தக் ‘கடக்’ ஓசை கேட்கவில்லை.

அப்பாவால் இப்போது குனிய முடியாது. ஆனால் ஐப்பசி பிறந்தால் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியைக் காருக்கருகே போடச் சொல்வார். பேரன் டார்ச்சு விளக்கோடு அடியில் படுத்துக்கொள்வான். ஒவ்வோர் இடமாக அப்பா வாசிப்பார்.

“பின்னால, வலது கை?”

“சுத்தமா இருக்கு தாத்தா.”

“தட்டிப் பாத்தியா?”

அவன் தட்டுகிற ஓசை கேட்ட பிறகே அவர் பேனாவைத் திறக்கிறார்.