ஓவியரை வரைந்த ஓவியர்

அரசரையும் அடியாரையும் வரைந்த ஓவியர், உடனிருந்து உழைத்த ஓவியரை வரைந்ததுண்டா? தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவரில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931ஆம் ஆண்டில் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஆடுவாரும் பாடுவாரும் அங்கு உளர். தீட்டியவர் முகத்தைக் காணோம், பெயரும் இல்லை. எங்கள் கேமரன் மலை அஞ்சலட்டைகளிலும் அப்படித்தான்: தேயிலைக் கூடை சுமந்த பெண் இருப்பாள், அவள் இன்னாள் என்பது இராது.

மொகலாயர் அரண்மனையில் நிலை வேறு. 1581இல் அக்பருக்காக எழுதி முடிக்கப்பெற்ற 'குலிஸ்தான்' ஏட்டின் இறுதியில், அதை எழுதிய காஷ்மீரத்து முகம்மது உசேனும் இளைஞர் மனோகரும் சேர்ந்து அமர்ந்திருக்கக் காண்கிறோம். அப்படத்தைத் தீட்டியவரும் மனோகரே. இவர் ஓவியர் பசாவனின் மைந்தர்.

இதனினும் சிறந்தது தௌலத் என்பாரின் படம். நிஜாமியின் 'கம்சா'வை அக்பருக்காக அப்துர் ரஹீம் அழகுற எழுதியிருந்தார். அவ்வேட்டின் கடைசிப் பக்கத்தில், சுமார் 1610இல், ஜஹாங்கீர் ஆணைப்படி தௌலத் ஒரு படம் சேர்த்தார். எழுத்தர் ஒருபுறம் எழுதுகிறார். எதிரே தௌலத் தாமே தீட்டுகிறார். அக்காலத்து ஓவியர்க்குச் சட்டம் தாங்கும் நிலைப்பலகை கிடையாது. தரையில் அமர்ந்து, மடித்த முழங்காலில் பலகையைச் சாய்த்து வரைவர். வண்ணம் வைக்கச் சிப்பி. தூரிகைக்கு அணில் வால் மயிர். அந்த ஏடு இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

இவ்வாறு வரைவது எளிதன்று. பக்கத்து மாணவன் படம் வரைவதை வரையுமாறு என் வகுப்பில் ஒருநாள் சொன்னேன். "சார், முகம் அசையாமல் இருக்கிறது, கைதான் நிற்கமாட்டேன் என்கிறது" என்றாள் ஒரு சிறுமி. சரியாகச் சொன்னாள். வேலையில் ஆழ்ந்தவன் தன்னை ஒருவர் பார்ப்பதையே மறந்துவிடுகிறான். ஆகவே முகம் இயல்பாகக் கிடைக்கிறது. கையை நினைவிலிருந்துதான் வரையவேண்டும். அன்று பாதிப் படங்களில் கைகள் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டன!

தௌலத் இன்னொன்றும் செய்தார். 'குல்ஷன்' படத்தொகுப்பின் ஓர் ஏட்டு ஓரத்தில், பொன்னால் வரைந்த செடிகொடிகளுக்கிடையே, அபுல் ஹசன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன் ஆகிய நால்வரையும் தம்மையும் தீட்டி, இன்னார் இன்னார் என்று பெயரும் குறித்தார். அது டெஹ்ரானில், குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. நால்வரும் பிறருக்காகத் தீட்டிய படங்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் முகங்களோ அந்த ஓர் ஏட்டின் ஓரத்தில் ஒன்றாக இருக்கின்றன.