வாய்க்குண்டேற்றித் துப்பாக்கி இலக்குச் சுடுதல்

வாய்க்குண்டேற்றித் துப்பாக்கி இலக்குச் சுடுதல் என்பது, வெடிமருந்தையும் குண்டையும் குழலின் முன்வாய் வழியாகக் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகளைக் கொண்டு, குறித்த தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் விளையாட்டு ஆகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படைகளில் இவ்வகைத் துப்பாக்கிகள் வழக்கொழிந்தன. எனினும் ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், செருமனி, பிரான்சு, இத்தாலி, சப்பான் முதலிய நாடுகளில் கழகங்கள் வழியாக இவை இன்றும் பொழுதுபோக்காகவும் போட்டியாகவும் சுடப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து, குண்டைத் திணித்து, பின்னர் குறிபார்த்துச் சுட வேண்டும் என்பதால், இவ்விளையாட்டில் விரைவைவிட ஒரே சீரான செயலே மதிக்கப்படுகிறது.

துப்பாக்கியின் அமைப்பு

வாய்க்குண்டேற்றித் துப்பாக்கியின் குழல் பின்புறம் நிலையாக அடைக்கப்பட்டிருக்கும். அடைப்புக்கு அருகில் குழலின் பக்கவாட்டில் அல்லது மேற்புறத்தில் உள்ள சிறு துளை வழியாகத் தீ உட்சென்று மருந்தைப் பற்றவைக்கிறது. இக்காலத் துப்பாக்கிகளில் மருந்து, குண்டு, தீமூட்டி ஆகிய மூன்றும் ஒரே தோட்டாவுள் அடங்கியிருக்கும். வாய்க்குண்டேற்றியில் இம்மூன்றும் தனித்தனியானவை. அவற்றைச் சரியான அளவிலும் சரியான வரிசையிலும் சேர்ப்பது சுடுபவரின் பொறுப்பாகும்.

குழலின் உட்புறம் இரு வகைப்படும். மஸ்கட் எனப்படும் பழைய படைத்துப்பாக்கிகளின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. ரைபிள் எனப்படும் புரிகுழல் துப்பாக்கிகளில் திருகுபோல் சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். இவ்வரிகள் குண்டைத் தன் அச்சில் சுழலச் செய்வதால், அது வழிமாறாமல் நேராகச் செல்கிறது.

தீமூட்டும் முறைகள்

வாய்க்குண்டேற்றித் துப்பாக்கிகள் அவற்றின் தீமூட்டும் பொறியைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன.

- திரிப்பொறி: 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது. விசையை இழுத்தால் கனன்றுகொண்டிருக்கும் திரி மருந்துக் கிண்ணத்தைத் தொடும். 1543இல் போர்த்துக்கீசர் வழியாகச் சப்பானின் தனெகாசிமா தீவை அடைந்த துப்பாக்கி இவ்வகையினதே.
- சக்கரப்பொறி: 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. முறுக்கிவிடப்பட்ட எஃகுச் சக்கரம் சுழன்று கனிமத் துண்டில் உரசித் தீப்பொறியை உண்டாக்கும். விலை மிகுந்தது என்பதால் இது பரவலாகவில்லை.
- சக்கிமுக்கிப்பொறி: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் முழு உருவம் பெற்றது. சுத்தியலில் பொருத்தப்பட்ட சக்கிமுக்கிக்கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி பறக்கும். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உலகின் பெரும்பாலான படைகள் இதனையே பயன்படுத்தின.
- மோதல்பொறி: அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைத் தீமூட்டியாகக் கொண்டது. இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜான் போர்சைத் என்னும் கிறித்தவப் போதகர் 1807இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1820களில் சிறு செப்பு வெடிமூடிகள் பரவின. இவற்றைக் குழலின் பின்புறத்தில் உள்ள முலைக்காம்பு போன்ற உறுப்பின்மேல் பொருத்திச் சுத்தியலால் அடிப்பர்.

வரலாறு

புரிகுழல் துப்பாக்கி துல்லியமானது என்பது முன்பே அறியப்பட்டிருந்தும், அதில் குண்டை இறுக்கித் திணிப்பதற்கு நேரம் பிடித்ததால் படைகள் அதனைப் பெருமளவில் ஏற்கவில்லை. 1849இல் பிரெஞ்சுப் படை அதிகாரி குளோது எத்தியேன் மினியே வடிவமைத்த நீள்குண்டு இச்சிக்கலைத் தீர்த்தது. குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்ததால் இது எளிதில் உட்சென்றது. சுடும்போது அதன் குழிந்த அடிப்பகுதி விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டது.

இவ்வகையைச் சேர்ந்த 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி இந்திய வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. அதற்கான மருந்தும் குண்டும் கொழுப்புத் தடவிய காகிதச் சுருளில் பொதியப்பட்டிருந்தன. படைவீரர் அதனைப் பல்லால் கடித்துப் பிரித்து மருந்தைக் குழலுக்குள் கொட்டுவது வழக்கம். அக்கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்று பரவிய செய்தி, 1857ஆம் ஆண்டு சிப்பாய்க் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. வாய்க்குண்டேற்றியை நிரப்பும் முறையை அறிந்தவர்க்கே, தோட்டாவைக் கடிப்பது ஏன் வழக்கமான செயலாக இருந்தது என்பது விளங்கும்.

பிரித்தானியாவில் 1859இல் தேசிய ரைபிள் சங்கம் நிறுவப்பட்டது. 1860இல் விம்பிள்டனில் நடந்த அதன் முதல் போட்டியை விக்டோரியா அரசியார் தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியால் 400 கெஜத் தொலைவில் சுட்டுத் தொடக்கி வைத்தார். அத்துப்பாக்கியின் குழல் உட்புறம் அறுகோண வடிவில் அமைந்திருந்தது.

வாய்க்குண்டேற்றிகளின் முடிவை அறிவித்த போட்டி 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கு மாநிலத்தின் லாங் தீவில் உள்ள கிரீடுமூரில் நடைபெற்றது. அயர்லாந்து அணியினர் டப்ளின் நகரின் ரிக்பி நிறுவனம் செய்த வாய்க்குண்டேற்றிகளைப் பயன்படுத்தினர். அமெரிக்க அணியினர் ரெமிங்டன், சார்ப்சு நிறுவனங்களின் பின்வழிக் குண்டேற்றிகளைக் கொண்டு வந்தனர். 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் நடந்த போட்டியில் அமெரிக்கர் 934க்கு 931 என்னும் கணக்கில் வென்றனர். அயர்லாந்து வீரர் ஒருவர் வேறொருவரின் இலக்கைத் தவறுதலாகச் சுட்டதால் இழந்த புள்ளிகளே தோல்விக்குக் காரணமாயின. துல்லியத்தில் பழைய துப்பாக்கி புதியதற்குக் குறைந்ததன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆயினும், விரைவாகவும் படுத்த நிலையிலும் நிரப்பக்கூடிய பின்வழிக் குண்டேற்றியே நிலைபெற்றது.

20ஆம் நூற்றாண்டில் இக்கலை கழகங்களில் புத்துயிர் பெற்றது. ஒகையோ மாநிலத்தின் போர்ட்சுமவுத்தில் 1931இல் நடந்த ஒரு போட்டியைத் தொடர்ந்து, 1933இல் அமெரிக்காவில் தேசிய வாய்க்குண்டேற்றி ரைபிள் சங்கம் அமைக்கப்பட்டது. இந்தியானா மாநிலத்தின் பிரண்ட்சிப் என்னும் சிற்றூர் அதன் மையமாக விளங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளைக் கொண்டு அணிகளாகப் போட்டியிடும் வடக்கு-தெற்கு மோதல் சங்கம் 1950இல் தோன்றியது. பெரிய பிரித்தானிய வாய்க்குண்டேற்றிகள் சங்கம் 1952இல் நிறுவப்பட்டது.

கருமருந்து

இத்துப்பாக்கிகளில் பயன்படுவது கருமருந்து எனப்படும் பழைய வெடிமருந்தாகும். வெடியுப்பு 75 விழுக்காடு, கரி 15 விழுக்காடு, கந்தகம் 10 விழுக்காடு என்பது இதன் வழக்கமான கலவை. மணியின் அளவைப் பொறுத்து இது எரியும் வேகம் மாறும். பெருமணி மருந்து பெரிய குழல்களுக்கும், சிறுமணி மருந்து சிறு குழல்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும், மிக நுண்ணிய மருந்து சக்கிமுக்கிப்பொறியின் கிண்ணத்திற்கும் ஏற்றவை.

கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மப் பொருளாக எஞ்சுகிறது. சுடும்போது எழும் அடர்ந்த வெண்புகைக்கும் குழலுள் படியும் கசடுக்கும் இதுவே காரணம். 1884இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையற்ற மருந்து இக்குறைகள் அற்றது. ஆனால் அது மிக உயர்ந்த அழுத்தத்தை உண்டாக்கும். கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்ட குழலில் புகையற்ற மருந்தை இட்டால் குழல் வெடித்துச் சுடுபவர் உயிரிழக்கவும் கூடும்.

சுடும் முறை

உருண்டைக் குண்டைப் பயன்படுத்தும் மோதல்பொறித் துப்பாக்கியைச் சுடும் முறை பின்வருமாறு:

1. குழல் வெறுமையாக உள்ளதா என்பதைக் கோலை உட்செலுத்திப் பார்த்து, எண்ணெயைத் துடைத்தெடுப்பர். வெடிமூடியை மட்டும் வெடிக்கச் செய்து தீத்துளை அடைபடாமல் உள்ளதை உறுதி செய்வர்.
2. முன்னரே அளந்து தனித்தனிச் சிறு குப்பிகளில் வைத்த மருந்தில் ஒன்றைக் குழலுக்குள் கொட்டுவர்.
3. எண்ணெய் அல்லது கொழுப்புத் தடவிய பருத்தித் துணித்துண்டைக் குழல்வாயில் விரித்து, அதன்மேல் ஈயக் குண்டை வைப்பர். 0.45 அங்குலக் குழலுக்கு ஏறத்தாழ 0.44 அங்குலக் குண்டு பொருந்தும். இடைவெளியைத் துணி நிரப்பும்.
4. குட்டைக்கோலால் குண்டைச் சிறிது உட்தள்ளி, பின்னர் நீண்ட கோலால் அது மருந்தின்மேல் நன்கு அமரும் வரை கெட்டிப்பர்.
5. சுடுகோட்டில் நின்று, குழலை இலக்கை நோக்கி வைத்த பின்னரே வெடிமூடியைப் பொருத்துவர்.
6. சுத்தியலை முழுமையாகப் பின்னிழுத்து, குறிபார்த்து, விசையை அழுத்துவர்.

துணித்துண்டு குண்டின் சுழற்சிக்கு இன்றியமையாதது. ஈயக்குண்டு வரிப்பள்ளங்களை நேரடியாகத் தொடுவதில்லை. பள்ளங்களைப் பற்றிய துணியே குண்டையும் தன்னுடன் சுழற்றுகிறது. குழலை விட்டு நீங்கியதும் துணி பிரிந்து சில மீட்டர் தொலைவில் விழும். விழுந்த துணியை எடுத்துப் பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதியாகும். கிழிந்திருந்தாலோ கருகியிருந்தாலோ, துணியின் தடிப்பும் எண்ணெயும் குண்டின் அளவுக்கு ஒத்துவரவில்லை எனக் கொள்வர்.

துல்லியத்தைப் பாதிக்கும் காரணிகள்

மருந்தின் அளவு, கெட்டிக்கும் அழுத்தம், துணியின் ஈரம் ஆகியவற்றுள் எது மாறினாலும் குண்டு படும் இடம் மாறும். கசடு கூடக்கூடக் குழல் இறுகுவதால், ஒவ்வொரு குண்டுக்கும் பின்னர் அல்லது சில குண்டுகளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் குழலைத் துடைப்பது வழக்கம். வறண்ட வானிலையில் கசடு கெட்டியாகும், ஈரமான வானிலையில் குழைவாகும்.

சக்கிமுக்கிப்பொறியில் விசையை அழுத்துவதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. கிண்ணத்து மருந்து கண்ணெதிரே பற்றி எரிவதால் பயிற்சியற்றவர் முகத்தைத் திருப்பிவிடுவர். குண்டு இலக்கை அடையும்வரை அசையாது நிற்பதே இவ்வகையின் முதன்மையான திறனாகும்.

பாதுகாப்பு

ஒரு குண்டைச் சுட்டபின் குழலுள் கனல் எஞ்சியிருக்கலாம். ஆகவே மருந்துக் குடுக்கையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டுதல் தடை செய்யப்பட்டுள்ளது. கனல் பற்றினால் ஒரு குண்டுக்குரிய மருந்து மட்டுமன்றிக் குடுக்கை முழுவதும் கையிலேயே வெடிக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விடுவதும் ஆபத்தானது. அவ்விடத்தில் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும். இதனைத் தவிர்க்கக் கெட்டிக்கும் கோலில் சரியான ஆழத்தைக் குறிக்கும் கோடு இடப்படுகிறது.

துப்பாக்கி வெடிக்கத் தவறினால் குழலை இலக்கை நோக்கியே சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. சுடுகோட்டில் புகைபிடித்தல் கூடாது. கண்ணாடியும் காதடைப்பானும் அணிய வேண்டும். குண்டுகளைத் தாமே வார்ப்பவர்கள் காற்றோட்டமுள்ள இடத்திலேயே ஈயத்தை உருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைக் கழுவாமல் உண்ணலாகாது.

தூய்மைப்படுத்தல்

கருமருந்துக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். எனவே சுட்ட நாளிலேயே துப்பாக்கியைத் தூய்மைப்படுத்துவது விதியாகக் கருதப்படுகிறது. கசடில் உள்ள உப்புகள் நீரில் கரைபவை. ஆகையால் வெந்நீரே சிறந்த துப்புரவுப் பொருள். பின்னர் உலரத் துடைத்து எண்ணெய் பூசுவர்.

பன்னாட்டுப் போட்டிகள்

வாய்க்குண்டேற்றிச் சங்கங்களின் பன்னாட்டு அமைப்பு 1971இல் தோன்றியது. முதல் உலகப் போட்டி அதே ஆண்டில் பிரான்சில் நடைபெற்றது. பெரும்பாலான பிரிவுகளில் 30 நிமிடங்களுக்குள் 13 குண்டுகள் சுடப்படுகின்றன. அவற்றுள் சிறந்த 10 மட்டும் கணக்கில் கொள்ளப்படுவதால் உச்சப் புள்ளி 100 ஆகும். கருமருந்து மட்டுமே ஏற்கப்படுகிறது. போட்டிப் பிரிவுகளுக்குப் பழைய துப்பாக்கிக் கலைஞர்களின் பெயர்களும் வரலாற்றுப் பெயர்களும் இடப்பட்டுள்ளன. அவற்றுள் சில:

- மிக்கேலே: சக்கிமுக்கிப்பொறி மஸ்கட், நின்ற நிலை, 50 மீட்டர்
- மினியே: படைத்துறை மோதல்பொறி ரைபிள், படுத்த நிலை, 100 மீட்டர்
- விட்வொர்த்: கட்டற்ற மோதல்பொறி ரைபிள், படுத்த நிலை, 100 மீட்டர்
- தனெகாசிமா: திரிப்பொறி மஸ்கட், நின்ற நிலை, 50 மீட்டர்
- கொமினாசோ: சக்கிமுக்கிப்பொறிக் கைத்துப்பாக்கி, 25 மீட்டர்
- குக்கன்ராய்ட்டர்: மோதல்பொறிக் கைத்துப்பாக்கி, 25 மீட்டர்

மூலமும் மறுபடைப்பும்

போட்டிகளில் பழங்காலத்தில் செய்யப்பட்ட மூலத் துப்பாக்கிகளும், அவற்றைப் பின்பற்றி இன்று செய்யப்படும் மறுபடைப்புகளும் தனித்தனி வகுப்புகளாகக் கொள்ளப்படுகின்றன. இத்தாலியின் கார்தோனே வால் துரோம்பியா மறுபடைப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராகும். 1957இல் தொடங்கப்பட்ட பெதர்சோலி நிறுவனம் அங்கு இயங்குகிறது.

மூலத் துப்பாக்கியைச் சுடலாமா என்பது ஆர்வலரிடையே கருத்து வேறுபாடுள்ள வினாவாகும். ஒவ்வொரு குண்டும் குழலைச் சிறிதளவு தேய்க்கிறது, உடைந்த பழைய உறுப்புக்கு ஈடில்லை என்பது ஒரு சாராரின் கருத்து. சுடாமல் வைத்தால் பொருள் மட்டும் எஞ்சும், அதனைக் கையாளும் அறிவு மறைந்துவிடும் என்பது மற்றொரு சாராரின் கருத்து. மறுபடைப்புகளின் வரவு இம்முரண்பாட்டைப் பெரிதும் தணித்துள்ளது.

1985இல் அமெரிக்காவில் டோனி நைட் அறிமுகப்படுத்திய நேர்கோட்டுத் தீமூட்டும் துப்பாக்கி போன்ற புதிய வடிவங்கள் வேட்டைக்காக உருவானவை. முன்வாய் வழியாக நிரப்பப்பட்டாலும், இவை மரபுவழிப் போட்டிகளில் ஏற்கப்படுவதில்லை.

சட்டநிலை

பழைய வகை என்பதால் இத்துப்பாக்கிகள் எங்கும் சட்டத்திற்கு அப்பாற்பட்டவை என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் பழங்காலத் துப்பாக்கிகளையும் அவற்றின் மறுபடைப்புகள் பலவற்றையும் சுடுகலன் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆயினும் மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன. பிரித்தானியாவில் பழம்பொருளாக வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு. அதனைச் சுட விரும்பினால் சான்றிதழ் பெற வேண்டும். செருமனியில் 1871க்கு முற்பட்ட மாதிரியைச் சேர்ந்த ஒற்றைக்குண்டு மோதல்பொறித் துப்பாக்கியை வயதுவந்தோர் உரிமமின்றி வாங்கலாம். ஆனால் கருமருந்தைப் பெறுவதற்குப் பயிற்சியும் தனி அனுமதியும் தேவை. இந்தியாவில் வாய்க்குண்டேற்றித் துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் உரிம முறைக்கு உட்பட்டவை.