தலைக்கு 7 ரூபாய் 80 காசு

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலடியில் 2,312 கி.மீ. கண்ணாடி இழைக் கேபிள் போட்ட செலவு 1,224 கோடி ரூபாய். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது தொடங்கிவைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வகுத்தால் ஆளுக்கு 32,161 ரூபாய். அதுவரை செயற்கைக்கோளை நம்பிக் கிடந்த தீவுகளுக்கு அது கட்டாயம் வேண்டிய செலவு.

கம்பிக்கு இவ்வளவு. மனிதர்களுக்கு? 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டத்தின் மொத்தத் தொகை 945 கோடி. நான்கு ஆண்டுகளுக்கு, நாடு முழுமைக்கும். 300 இன்குபேட்டர்கள் வழியாக 3,600 தொழில்முனைவோர் என்பது இலக்கு. அதே 2011 கணக்குப்படி 121 கோடி மக்களுக்குப் பிரித்தால் தலைக்கு 7 ரூபாய் 80 காசு. நிதி இப்படித் தலைக்கணக்கில் பங்கிடப்படுவதில்லை. அளவு புரிய நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. தீவுகளின் பங்கு 29.7 லட்சம். 36,842 பேர் வாழும் நிக்கோபார் மாவட்டத்துக்கு 2.88 லட்சம்.

மாதிரி வடிவம் உருவாக்க ஒரு நிறுவனத்துக்கு 20 லட்சம் வரை மானியம் உண்டு. அப்படியானால் தீவுகளின் பங்கில் ஒன்றரை மானியம்தான் தேறும்.

தொகையைவிட விதிகள்தான் எனக்கு உறுத்துகின்றன. சமூகப் பயனுக்கும் கழிவு மேலாண்மைக்கும் முன்னுரிமை என்கிறது திட்டம், நல்லது. ஆனால் தொழிலின் மையத்தில் தொழில்நுட்பம் இருக்க வேண்டும், பணத்தில் கட்டமைப்பு வசதி எதையும் உருவாக்கக் கூடாது. நிக்கோபார் மாவட்டத்தின் கேம்பல் பேயில் கரை ஒதுங்கும் பிளாஸ்டிக்கை ஊரைத் திரட்டிப் பொறுக்க நினைக்கும் ஒரு குழுவை எண்ணிப் பாருங்கள். தலைநகர் ஸ்ரீ விஜயபுரம், அதாவது போர்ட் பிளேர், 500 கி.மீ.க்கு அப்பால். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் 1,360 கி.மீ. அளவு. பொறுக்கியதை மழை படாமல் வைக்கக் கொட்டகை வேண்டும், கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏற்றுகூலி கொடுக்க வேண்டும். நிக்கோபாரி ஊர் என்றால் முதலில் ஊர்க் கேப்டனோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு நாளில் முடிகிற பேச்சல்ல. மக்களைத் திரட்டும் வேலையில் அந்தப் பேச்சுதான் மூலதனம். அதற்கான படகுக் கூலியும் சாப்பாட்டுச் செலவும் தனித் தலைப்பாகவே மானியத்தில் இடம்பெற வேண்டும் என்பேன்.

சமூக நிறுவனங்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தைக்குப் போகலாமே என்பார்கள். வெளியீட்டின் குறைந்தபட்ச அளவை 2023இல் ஒரு கோடியிலிருந்து 50 லட்சமாக செபி குறைத்தது. தீவுகளின் கற்பனைப் பங்கான 29.7 லட்சத்தைவிட அதுவும் பெரிது.

தமிழ்நாட்டின் விதைநிதித் திட்டமான டான்சீட் வழக்கமாக 10 லட்சம் தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் பசுமைத் தொழில்களுக்கும் 15 லட்சம். தேவை பார்த்துத் தொகையை உயர்த்த முடியும் என்றால், தூரம் பார்த்தும் உயர்த்தலாம். கேபிள் செலவில் நூற்றில் ஒரு பங்கு 12.24 கோடி. 20 லட்சம் வீதம் 61 குழுக்களுக்கு அது வரும். மக்கள்தொகைப்படி பார்த்தால் அதில் ஆறு நிக்கோபாருக்கு.