பழைய காரில் திடீர் எண்ணெய்க் கசிவு

கடன் தவணை தவறிய அங்கத்தினர்களைக் கண்டு, காரணம் கேட்டுக் குறித்துக்கொள்வது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. வெள்ளத்தில் சம்பாப் பயிர் மூழ்கியது, நூல் விலை ஏறியது, வீட்டில் கல்யாணம் வந்தது என்பவை நான் வழக்கமாகக் கேட்கும் காரணங்கள். சென்ற ஆண்டு திருநள்ளாற்றுப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் சொன்ன காரணம் வேறு. தம்முடைய பழைய அம்பாஸிடர் காரைச் சனிக்கிழமைகளில் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு ஓட்டி, அந்த வருமானத்தில் தவணை கட்டி வந்தவர் அவர். ஒரு நாள் வண்டியில் எண்ணெய் விளக்கு எரிந்தது. பல்பில் ஏதோ கோளாறு என்று எண்ணி மேலும் நான்கு கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு என்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்டது; வண்டி நின்றது. பேரிங்குகள் உருகி, கிராங்க் ஷாப்ட் வரிவரியாகக் கீறுண்டு போயிருந்தது. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டிற்று. எண்ணெய் வெளியேறியது எந்த வழியாக என்று தேடியதில், காலணா அகலமுள்ள ஒரு செம்பு வாசர் கெட்டிருந்ததாம்.

அவருக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருக்க வேண்டுமென்றே இதை எழுதுகிறேன். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸிடர் கார்களில் சில நம் காரைக்கால் வட்டாரத்தில் இன்னும் ஓடுகின்றன. அவற்றுள் பழையவற்றில் இருப்பது 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்தில் 1950களில் வகுக்கப்பட்ட அமைப்பு. என்னிடம் உள்ள வண்டியும் அவ்வகையே. கார் இல்லாதவர்கள் ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். டீசல் பம்பு செட்டும் பவர் டில்லரும் வைத்திருப்போருக்கும் இங்குச் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எண்ணெய் செல்லும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். என்ஜினின் அடியில் ‘சம்ப்’ எனப்படும் தகரத் தொட்டியில் ஏறக்குறைய 4 லிட்டர் எண்ணெய் தங்கியிருக்கிறது. ஒரு பம்பு அதை உறிஞ்சி, பில்டர் வழியாகத் தள்ளி, பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. என்ஜின் வேகமாக ஓடும்போது அங்கே சதுர அங்குலத்துக்கு 50 ராத்தல் அளவில் அழுத்தம் இருக்கும். பேரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு நிற்கும் எண்ணெய்ப் படலமே இரும்பை இரும்பு தின்னாமல் காக்கிறது. வேலை முடிந்த எண்ணெய் அழுத்தம் இழந்து, உட்சுவர்கள் வழியே வழிந்து மறுபடி தொட்டிக்கு வருகிறது.

ஆகவே எண்ணெய்க்கு இரண்டு பாதைகள்: அழுத்தத்தோடு போகும் பாதை, அழுத்தமின்றித் திரும்பும் பாதை. திரும்பும் பாதையில் உள்ள மூடிகளும் தக்கைப் பாக்கிங்குகளும் கெட்டால் எண்ணெய் துளித்துளியாக, மாதக்கணக்கில் கசியும். போகும் பாதையில் ஏதேனும் விட்டுப்போனாலோ எண்ணெய் பீறிட்டு அடிக்கும். சில நிமிடங்களில் தொட்டி காலியாகிவிடும். நேற்றுவரை உலர்ந்திருந்த வண்டி இன்று திடீரென்று எண்ணெயைக் கொட்டினால், முதலில் அழுத்தமுள்ள பாதையையே சந்தேகிக்க வேண்டும். அதற்கு வெளியே பார்க்கவேண்டியவை இரண்டுதான்: தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகு தளர்ந்ததா, தொட்டி கல்லில் மோதி ஓட்டை விழுந்ததா என்பன. நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் தொட்டித் தகரம் துருத்து ஊசித்துளை விழுவதும் உண்டு.

எரியும் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அதுவும் அழுத்தம் அடியோடு விழுந்த பிறகே எரியும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ அது கண்சிமிட்டினால் தொட்டியில் எண்ணெய் குறைந்து, பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். அணையாமல் எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும்.

எனக்கே இது நேர்ந்தது. ஒரு பட்டறையில் எண்ணெயும் பில்டரும் மாற்றிய மறுநாள், திருநள்ளாற்றிலிருந்து காரைக்காலுக்கு வந்துகொண்டிருந்தேன். சங்கத்து மூத்த இயக்குநர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், தணிக்கைக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உடன் இருந்தார். ஒரு வளைவில் விளக்கு சிமிட்டியது. பிறகு நிலையாக எரிந்தது. நான் நிறுத்தினேன். “இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே சார், மெல்லப் போய்ச் சேர்ந்துவிடலாமே” என்றார் பெரியவர். கூட்டத்திற்கு நேரம் ஆகிவிட்டது. எனக்கும் சபலம் தட்டாமல் இல்லை. இறங்கிப் பின்னால் பார்த்தோம். சாலை நெடுகக் கருங்கோடு ஒன்று எங்களைத் தொடர்ந்து வந்திருந்தது. “வேண்டாம் ஐயா, ஆட்டோவில் போவோம்” என்றேன். தணிக்கைக் கட்டுகளோடு அவர் ஆட்டோவில் ஏறியபோது என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நல்ல பார்வையன்று.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து மறுநாள் சோதித்தேன். என்ஜினின் அடிப்பாகம் முழுதும் எண்ணெய். இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். நனைந்த இடத்தையே கசிந்த இடமாகக் கொண்டு, தொட்டிப் பாக்கிங்கைக் கழற்றி மாற்றிவிடுகிறார்கள். வயல் வரப்பில் நண்டு வளை வைத்தால் தண்ணீர் வெளிப்படும் இடம் ஒன்று, புகும் இடம் வேறொன்று என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே நனைந்த பகுதிகளுள் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதுவே ஊற்றுக்கண்.

அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. என்ஜின் ஆறியபின் டீசலில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, உலரவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவ வேண்டும். அளவுக்கோலில் பார்த்து, குறைந்த எண்ணெயை ஊற்றி, ஒருவர் என்ஜினைக் கிளப்ப, மற்றவர் கைவிளக்கோடு பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடியில் முதற்கோடு எங்கே கருக்கிறதோ அங்கே கசிவு. பீறிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். பத்து விநாடி போதும். ஜாக்கியில் மட்டும் நிறுத்திய வண்டியின் கீழ் ஒருபோதும் புகக்கூடாது. கனமான மரக்கட்டைகளாவது முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

என் வண்டியில் ஊற்றுக்கண் பில்டர் கிண்ணத்தின் மேல்விளிம்பு. இவ்வகைக் கார்களில் பில்டர் ஒரு கிண்ணத்துள் இருக்கும். கிண்ணம் பொருந்தும் தலைப்பகுதியில் ஒரு பள்ளமும், அதில் ஒரு ரப்பர் வளையமும் உண்டு. பில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பழையது கறுத்து இறுகி, பள்ளத்தின் நிறத்தோடு ஒன்றிப்போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன்மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருந்தார்கள். கொட்டகையில் நிற்கும்போது அது தாங்கிற்று. சாலையில் அழுத்தம் ஏறியவுடன் மேல்வளையம் பிதுங்கிவிட்டது. கோணி ஊசியால் பழையதைத் துண்டுதுண்டாகக் கிள்ளியெடுக்க அரைமணி ஆயிற்று. பில்டர் பெட்டியில் வெவ்வேறு அளவு வளையங்கள் இருப்பதுண்டு. பள்ளத்தில் இறுக்கமின்றிச் சரியாக அமர்வதையே எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு ஒரு துளியும் இல்லை.

இதே போல் பீறிடக்கூடிய வேறு இடங்கள்: பில்டருக்குச் செல்லும் குழாயின் இணைப்புகள், எண்ணெய் விளக்கின் சுவிட்சு. சுவிட்சு உள்ளே கிழிந்தால் மின்கம்பி செருகும் முனை வழியாகவே எண்ணெய் வரும். அதை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. இணைப்புகளில் உள்ள செம்பு வாசர்கள் நாளாவட்டத்தில் இறுகிவிடும். புதியது கிடைக்காத ஊரில், பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெதுவாகிவிடும். எஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும், செம்பு அப்படியன்று. எந்தப் பாத்திரக்காரரும் இதை அறிவார்.

மெல்லக் கசிபவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மேல் மூடியின் தக்கைப் பாக்கிங் கசிந்தால் திருகை மேலும் மேலும் முறுக்குவது தவறு. தக்கை நசுங்கி, மூடியும் வளைந்துவிடும். பக்கவாட்டு டேப்பட் மூடி கசிந்தால், எண்ணெய் புகைக்குழாயில் பட்டுக் கருகிய நாற்றம் வரும். பாக்கிங்குக்குச் சிலிக்கோன் பசையை வாரிப் பூசுபவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து பம்பின் சல்லடையை அடைக்கும். எல்லா இடமும் ஒருசேரக் கசிந்தால் பாக்கிங்குகளைக் குறை சொல்லுமுன் என்ஜின் மூச்சுவிடும் குழாயைப் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே சேரும் ஆவி எண்ணெயைக் கிடைத்த சந்திலெல்லாம் தள்ளும்.

கிராங்க் ஷாப்டின் பின்முனையில் இந்த என்ஜினுக்கு ரப்பர் சீல் கிடையாது; சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பும் மரைதான் உண்டு. வண்டி நின்றபின் அங்கிருந்து இரண்டொரு துளி விழுவது அதன் பிறவிக்குணம். கிளட்ச் உறையின் அடியிலுள்ள சிறு துளை அத்துளிகள் வெளியேறுவதற்கே. அதைக் கசிவென்று எண்ணி அடைத்துவிட்டால் எண்ணெய் கிளட்சில் ஏறும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இங்கே கசிவு கூடும். இதற்காக கியர் பெட்டியை இறக்கச் சொல்பவர்களுக்கு நான் உடன்படுவதில்லை. ஒரு தட்டை அடியில் வைத்து, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்று நோட்டில் குறித்துவந்தால் போதும். குறிப்பு ஏறிக்கொண்டே போனால் அப்போது பார்க்கலாம். கசிவை நிறுத்தும் என்று புட்டியில் விற்கும் மருந்துகள் ரப்பரைச் சற்று ஊதவைப்பவை. ரப்பரே இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

நான் இப்போது வண்டியின் பின்பெட்டியில் ஒரு லிட்டர் 20டபிள்யூ-50 எண்ணெய், ஒரு ரப்பர் வளையம், இரண்டு செம்பு வாசர், கைவிளக்கு, இழுகயிறு ஆகியவற்றை வைத்திருக்கிறேன். கறிக்கோடிகளும் நூற்கட்டுகளும் ஏற்றுகிற நாளில் எண்ணெய்ப் புட்டியை முன்பக்கத்துக்கு மாற்றிவிடுவேன். நூலில் பட்ட கறை சாயத்துக்கும் அடங்காது. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.