தொலைவிலிருந்து துயிலெழுப்புதல்

நுழையும்முன்

கருவி பழுதடைந்தால் அருகில் சென்று சீர்செய்வது வழக்கம். செல்லும் வழியே அடைபட்டுவிட்டால் என் செய்வது? நெடுந்தொலைவில் நின்றுபோன கணினியைத் தொடாமலே மீண்டும் இயக்கும் முறையையும் அதற்குரிய முன்னேற்பாட்டையும் இப்பாடம் விளக்குகிறது.

வழி அடைபட்ட நாள்

தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊர் ஏரல். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆறு கரைபுரண்டு ஏரலுக்குள் புகுந்தது. ஆற்றுப்பாலத்தையொட்டிய சாலை அரித்துச் செல்லப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றுவிட, அதிலிருந்த பயணிகள் அனைவரும் மீட்கப்படும்வரை இரண்டு நாள்கள் கழிந்தன.

வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றின் அன்றாடப் பணிகள் இன்று சேவையகங்களை நம்பியுள்ளன. பல கணினிகளுக்குத் தரவையும் பணியையும் வழங்கும் கணினியே சேவையகம். அதன் வன்தட்டில் உள்ள இயக்க அமைப்பு சிதைந்தால் சேவையகம் எழாது. அதனைப் பராமரிப்பவர், இயக்க அமைப்பை விரலியில் எடுத்துக்கொண்டு நேரில் சென்று நிறுவுவார். சாலையே இல்லாத நாளில் அவர் எவ்வாறு செல்வார்? இவ்வினாவிற்கு விடையாக அமைவதே வலையமைப்புவழித் தொடக்கம்.

கணினி எழும் முறை

மின்சாரம் பாய்ந்தவுடன் கணினிக்கு எதுவும் நினைவில் இருப்பதில்லை. தாய்ப்பலகையின் சில்லு ஒன்றில் நிலையாகப் பதிந்துள்ள சிறு மென்பொருளே முதலில் இயங்குகிறது. இயக்க அமைப்பை எங்கே தேடவேண்டும் என்னும் வரிசை அதனிடம் உண்டு. அவ்வரிசையில் பெரும்பாலும் வன்தட்டே முதலிடம் பெறும். அம்முதலிடத்தை வலையமைப்பு அட்டைக்கு மாற்றிவிட்டால், கணினி தன் வன்தட்டை நாடாமல் வெளியே கேட்கத் தொடங்கும்.

அக்கேள்வி வலையமைப்பில் உள்ள அனைவருக்கும் பொதுவாக விடுக்கப்படுகிறது: “எனக்குரிய முகவரி யாது? நான் இயக்கவேண்டிய நிரல் எங்குள்ளது?” முகவரி வழங்கும் சேவையகம் இரண்டிற்கும் விடை தருகிறது. கணினி அவ்விடத்திலிருந்து சிறு தொடக்க நிரலைப் பெற்றுத் தன் நினைவகத்தில் இயக்குகிறது. அந்நிரல் இயக்க அமைப்பின் கருவை வரவழைக்கிறது. வன்தட்டு முற்றிலும் பழுதுற்றிருந்தாலும் கணினி இவ்வாறு எழுந்துவிடும். பின்னர் வன்தட்டை ஆராயலாம், தரவை மீட்கலாம், இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவலாம்.

தெரிந்து தெளிவோம்

வட்டில்லாக் கணினிகள் வலையமைப்பின் வழியே தொடங்குவதற்கான பூட்பி என்னும் நெறிமுறை 1985இல் வெளியிடப்பட்டது. இன்று பரவலாக வழங்கும் பிஎக்ஸ்இ முறையின் 2.1 பதிப்பை இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்டது. சேவையகங்களைத் தொலைவிலிருந்து மேலாளும் ஐபிஎம்ஐ என்னும் பொதுவரையறை 1998இல் தோன்றியது.

தொடாமல் ஆணையிடல்

தொடக்க வரிசையை நேரில் செல்லாமல் மாற்றுவது எவ்வாறு? அதற்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, மேலாண்மைச் சில்லு. பெரும்பாலான சேவையகங்களின் தாய்ப்பலகையில் பிஎம்சி எனப்படும் தனிச் சிறுகணினி உண்டு. சேவையகம் அணைந்திருக்கும்போதும், மின் இணைப்பு இருக்கும்வரை இது விழித்திருக்கும். “அடுத்த முறை வலையமைப்பிலிருந்து தொடங்குக” என்று அதற்கு ஆணை அனுப்பி, தொடர்ந்து மின்னிணைப்பை நிறுத்தி இயக்குமாறும் பணிக்கலாம்.

மேலாண்மைச் சில்லு இல்லாத நிலையில், இயக்க அமைப்பு தடுமாறியேனும் இயங்கிக்கொண்டிருந்தால் இரண்டாம் வழி உதவும். தொலைவிலிருந்து உள்நுழைந்து தொடக்க வரிசையை மாற்றலாம். வரிசை முழுவதையும் மாற்றாமல், அடுத்த ஒரு தொடக்கத்திற்கு மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. முயற்சி தோற்றாலும் மறுமுறை கணினி பழைய வழிக்கே திரும்பும். திரும்பும் வழியை அடைத்துவிட்டு முன்செல்வோர், தம் பிழையாலேயே சேவையகத்தை இழப்பர்.

இரு வழிகளும் மூடியிருப்பின் எந்த ஆணையும் பயன்படாது. ஒருவர் நேரில் சென்றே ஆகவேண்டும். மின்சாரமும் இணைய இணைப்பும் அற்றுப்போனாலும் இதே நிலைதான். ஆதலின் மாற்று மின்சாரமும் இரண்டாவது இணைப்பும் இம்முறைக்கு இன்றியமையாதன.

நம்பிக்கையும் காவலும்

வலையமைப்பில் கேட்டு எழும் கணினி, விடை தருபவரை எளிதில் நம்பிவிடுகிறது. தீயோர் முந்திக்கொண்டு விடை தந்தால், அவர் தரும் நிரலையே அது இயக்கும். மேலாண்மைச் சில்லு பிறர் கைப்பட்டால் சேவையகமே அவர் வயமாகும். எனவே, இவ்விணைப்பைப் பொது இணையத்திற்குத் திறந்துவிடாமல் தனி வலையமைப்பில் வைத்தல், தொழிற்சாலை தந்த கடவுச்சொல்லை மாற்றுதல், மின்னொப்பம் சரிபார்க்கப்பட்ட நிரலை மட்டும் ஏற்குமாறு அமைத்தல் ஆகியன கட்டாயமாகும்.

முன்னேற்பாடே உயிர்நாடி

தொலைவிலிருந்து சீர்செய்தலின் எல்லையை விண்வெளி காட்டுகிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுதுற்றதே காரணம். ஏறத்தாழ 2,400 கோடி கி.மீ. தொலைவில் இருந்த அக்கலத்தை ஒரு செய்தி சென்றடையவே அப்போது 22.5 மணி நேரம் ஆயிற்று. பழுதான பகுதியில் இருந்த நிரலை வேறிடத்திற்கு மாற்றும் ஆணையை அறிவியலாளர் 2024 ஏப்ரல் 18இல் அனுப்பினர். இரண்டு நாள் கழித்துக் கலம் தன் நிலையைத் தெளிவாகத் தெரிவித்தது. நினைவகத்தைத் தொலைவிலிருந்து மாற்றியெழுத முடியுமாறு அன்றே வடிவமைத்திருந்ததால்தான் இது கைகூடியது.

ஏரலுக்கு அருகிலுள்ள கொற்கை, பண்டு முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம். அன்று முத்துக்குளித்தவர் கடலுள் இறங்குமுன் கயிற்றின் ஒரு முனையைப் படகில் இருந்தவர் கையில் பிடித்திருந்தார். மூச்சு முட்டும்போது இழுக்கவேண்டிய கயிற்றை, மூழ்கியபின் தேட இயலாது. சேவையகத்திற்கும் அத்தகைய கயிறு வேண்டும். வெள்ளம் வருமுன் மேலாண்மை இணைப்பை அமைத்து, அதனைக் காவல் செய்து, ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்தவரே வழி அடைபட்ட நாளில் தம் சேவையகத்தைத் துயிலெழுப்ப வல்லவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பேரிடர்க் காலத்திலும் தடையின்றி இயங்கவேண்டிய பணிகளைப் பட்டியலிடுக. அவற்றுக்குச் செய்யவேண்டிய முன்னேற்பாடுகளை எழுதுக.
2. ‘திரும்பும் வழியை அடைக்காமல் முன்செல்க’ என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாடுக.