குளிர்காலத்தில் யந்திரச் சூடேற்றிகளைச் சிக்கனமாக உபயோகித்தல்

கானடா தேசத்தின் மானிடோபா, ஸஸ்காச்சுவான் மாகாணங்களிலும், அவற்றிற்குத் தெற்கேயுள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட டகோட்டாவிலும், பனிக்காலத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேட் வரையில் இறங்குவதுண்டு. அக்காலத்தில் உழவு நின்றுவிடினும், கால்நடைகளுக்குத் தீனி கொண்டு செல்லவும், பாதைகளை மூடிய பனியை விலக்கவும் டிராக்டர் நாடோறும் வேண்டியிருக்கிறது. காலையில் அது கிளம்பாவிடில் மாடுகள் பட்டினி கிடக்க நேரிடும்.

கடுங்குளிரில் யந்திரம் கிளம்பாமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மசகெண்ணெய் இறுகி, உறுப்புகளின் அசைவைத் தடுக்கிறது. இரண்டாவது, பாட்டரியின் வலிமை குன்றுகிறது. பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரியில் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். மூன்றாவது, டீஸல் யந்திரத்தில் அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணத்தாலேயே எண்ணெய் தீப்பற்ற வேண்டும். குளிர்ந்த இரும்போ அவ்வுஷ்ணத்தை உறிஞ்சிவிடுகிறது. மேலும், எண்ணெய் பரவுமுன் உறுப்புகள் உராய்வதால் தேய்மானம் மிகுதியாகும்.

முற்காலத்தில் குடியானவர்கள் இரவில் யந்திரத்தின் நீரையும் எண்ணெயையும் வடித்து வைத்து, காலையில் அடுப்பிற் சூடாக்கி ஊற்றி வந்தனர். கிராண்ட் போர்க்ஸ் நகரில் மின்சாரக் கூட்டுறவு ஸ்தாபனமொன்றின் நிர்வாகியாக இருந்த ஆண்ட்ரு ப்ரீமன் என்பார், யந்திரத்தின் தலைப்பாகத்தைப் பிணைக்கும் மரையாணி ஒன்றிற்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய மின்சாரச் சூடேற்றியை அமைத்து, 1949-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இக்காலத்துச் சூடேற்றிகளிற் பல, யந்திரத்தைச் சூழ்ந்துள்ள குளிர்விக்கும் திரவத்தையே சூடாக்குகின்றன. சூடேறிய திரவம் மேலெழ, குளிர்ந்தது கீழிறங்க, யந்திரம் முழுவதும் வெதுவெதுப்படைகிறது.

இரவு முழுவதும் சூடேற்றினால் நன்மை மிகும் எனப் பலர் எண்ணுவது தவறு. சில மணி நேரத்தில், ஏறும் உஷ்ணமும் வெளியே கழியும் உஷ்ணமும் சமமாகிவிடும். அதன்பின் செலவாகும் மின்சாரம் வெளிக்காற்றைச் சூடாக்குவதற்கே பயன்படும். மோட்டார் வண்டிக்குச் சுமார் 2 மணி நேரமும், பெரிய டிராக்டருக்கு 3 அல்லது 4 மணி நேரமும் போதுமானவை. 1,000 வாட் சூடேற்றி 12 மணி நேரம் இடைவிடாது எரிந்தால் 12 யூனிட்டுகள் செலவாகும். 3 மணி நேரத்திற்கு 3 யூனிட்டுகளே. 100 இரவுகளில் மீதமாவது 900 யூனிட்டுகள். குறித்த வேளையில் மின்சாரத்தைத் திறந்துவிடும் கடிகார விசையை அமைத்துக்கொண்டால், விடியுமுன் எழுந்து செல்லும் சிரமமும் இராது.

கவனிக்க வேண்டியவை:

1. குளிர்விக்கும் திரவம் குறைவின்றி இருத்தல் வேண்டும். குறைந்தால் சூடேற்றி கருகிவிடும்.

2. மின்கம்பி வெளியுபயோகத்திற்கேற்ற கனமுள்ளதாகவும், பூமி இணைப்புடனும் இருத்தல் அவசியம். எலி கடித்த கம்பியை உபயோகிக்கலாகாது.

3. யந்திரத்தைக் காற்றுப் படாத கொட்டகையில் நிறுத்தினால் உஷ்ணம் வீணாகாது. ஆனால் அடைத்த கொட்டகைக்குள் யந்திரத்தை ஓட்டலாகாது; அதன் புகையிலுள்ள விஷவாயு உயிரைப் போக்கும்.

4. டீஸல் எண்ணெய் குளிரில் மெழுகுபோல் உறைவதை இச்சூடேற்றி தடுக்காது. பனிக்காலத்திற்குரிய எண்ணெயையே நிரப்புதல் வேண்டும்.

5. யந்திரத்தின் அடியில் நெருப்பு மூட்டுவது ஒருபோதும் கூடாது.

அளவறிந்து சூடேற்றுபவருக்கு யந்திரமும் நீடித்துழைக்கும். மின்சாரச் செலவும் குறையும்.